சென்னையில் சிங்கிள் ரூம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே அறை வீட்டில் புழுக்கமோ நாற்றமோ வந்தால் ஒதுங்க இன்னோர் அறை கிடையாது. ஆனாலும் காலையில் பத்து நிமிடம் எட்டிப் பார்த்துவிட்டு டோக்கன் அட்வான்ஸ் கொடுப்பவர்கள்தான் அதிகம். மொட்டை மாடி ரூம் காலையில் காற்றோட்டமாகத்தான் இருக்கும். மதியம் மூன்று மணிக்கு மேல் போய் மேற்குச் சுவரில் கை வைத்துப் பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் இருந்தால், அதற்கு மேல் கான்கிரீட்டா, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா என்று கேளுங்கள். ஷீட் என்றால் வாடகை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

பணம் அதிகம் கரைவது கரன்ட்டில். தனி ஈபி இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். 200 யூனிட் ஓடினாலும் பில் 250 ரூபாயைத் தாண்டாது. அதே 200 யூனிட்டுக்கு, சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 10 ரூபாய் வாங்கும் ஓனரிடம் 2,000 ரூபாய். சப் மீட்டர்தான் என்றால் ரூமில் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். மீட்டரில் உள்ள விளக்கு இன்னும் மினுக்கினால் மாடிப்படி லைட்டோ தண்ணீர் மோட்டாரோ உங்கள் கணக்கில் ஓடுகிறது.

தண்ணீர் வருமா என்று கேட்காதீர்கள், "எப்பவும் வரும்" என்பார்கள். மெட்ரோ வாட்டரா, போரா, லாரியா? லாரிக் காசு மெயின்டனன்ஸில் அடக்கமா? இப்படிக் கேளுங்கள். குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்திருந்தால் உப்புத் தண்ணீர். பாத்ரூமில் ஒரு பக்கெட் தண்ணீரைக் கொட்டி, உடனே வடிகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம் பக்கம் தரைத்தளம் என்றால், 2023 டிசம்பர் மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைத் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் விசாரியுங்கள். ஓனர் சொல்ல மாட்டார்.

அட்வான்ஸ் விஷயத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் செல்லும். ஆறு மாதம், பத்து மாதம் என்று எழுதியதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு சட்டம் பேசிப் பயனில்லை. பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை மாத நோட்டீஸ், வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றம் ஆகிய மூன்றும் எண்ணாகவே எழுத்தில் இருக்கட்டும். "வழக்கப்படி" என்ற சொல் ஒப்பந்தத்தில் இருந்தால் அதை அடித்துவிடச் சொல்லுங்கள். அந்த ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவே வேண்டாம் என்பது பழைய கதை.

பணம் அனுப்புமுன் ஈபி பில்லிலும் சொத்து வரி ரசீதிலும் இருக்கும் பெயர் ஓனருடையதா என்று பாருங்கள். புரோக்கருக்கு ஒரு மாத வாடகை வழக்கம். கையெழுத்தான பிறகு கொடுத்தால் போதும். சாவி வாங்கும் அன்றே சுவர் விரிசல், ஃபேன், குழாய், மீட்டர் ரீடிங் எல்லாவற்றையும் படமெடுத்து ஓனரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிடுங்கள்.