ஏரிக்கரையில் பறவைகளைப் படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு

பறவைகளைப் படமெடுக்க விரும்புபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது எந்த லென்ஸ் வாங்கலாம் என்பதைத்தான். எந்த நீர்நிலைக்கு, எந்த நேரத்தில் போய், எந்தத் திசையைப் பார்த்து உட்காருவது என்பதை முடிவு செய்தபின் அந்தக் கேள்விக்கு வந்தால் பணமும் மிச்சமாகும், படமும் தேறும். தொடக்கத்திலேயே வேடந்தாங்கலுக்குப் போக வேண்டியதில்லை. அங்கே பறவைகள் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூடு கட்டுவதால், கரையில் நிற்பவருக்கு அவை தொலைவிலேயே இருக்கும். அதே நத்தைகுத்தி நாரை உங்கள் ஊர் வயலில் சாலையோரமாகவே இரை தேடிக்கொண்டிருக்கக்கூடும். வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போகக்கூடிய ஏரியோ கண்மாயோ போதுமானது.

தமிழகத்தின் சமவெளி மேற்கிலிருந்து கிழக்காகச் சரிவதால், பெரும்பாலான ஏரிகளுக்குக் கரை கிழக்குப் பக்கத்தில் அமைந்திருக்கும். காலையில் அந்தக் கரையில் நின்று மேற்கே நீர்ப்பரப்பைப் பார்த்தால், வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து பறவையின் மேல் நேராக விழும். வலசைப் பறவைகள் தங்கியிருக்கும் மாதங்களில் காற்றும் பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தே வீசுகிறது. பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்பும், காற்றை எதிர்த்தே இறங்கும் என்பதால், அவை முகத்தைக் காட்டியபடி உங்கள் பக்கமாக வருவதற்கு வாய்ப்பு அதிகம். ஏரி வெட்டியவர்கள் நமக்காகச் செய்ததில்லை என்றாலும், இதைவிட வசதியான ஏற்பாட்டை நாமே செய்துகொள்ள முடியாது. சூரியன் எழுந்ததிலிருந்து ஏறக்குறைய 9 மணி வரை ஒளி நன்றாக இருக்கும். அதன்பின் நீர்மேல் கானல் எழுந்து, எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸாக இருந்தாலும் தொலைவிலுள்ள பறவையைக் கலங்கலாகவே காட்டும். மழைக்காலம் முடிந்து நீர் வற்றத் தொடங்கும்போது சேற்றுத் திட்டுகள் வெளிப்பட்டு உள்ளான்களும் அரிவாள்மூக்கன்களும் கரைக்கு அருகே வரும். புதியவர்களுக்கு அதுவே நல்ல பருவம்.

கரையின் உயரம் மட்டும் ஒரு குறை. மேலிருந்து எடுத்த படத்தில் பறவை நீரோடு ஒட்டிக்கொண்டதுபோலத் தெரியும். படித்துறையிலோ மதகுக்கு அருகிலோ இறங்கி, கேமராவைப் பறவையின் கண்மட்டத்துக்குக் கொண்டுவந்தால் பின்னணி விலகி மங்கிவிடும். பழைய துணிப்பையில் பாதியளவு மணல் நிரப்பி அதன்மேல் லென்ஸைக் கிடத்துவது தரையோடு தரையாக எடுப்பதற்குக் கேமரா முக்காலியைவிட (டிரைபாட்) உதவும்.

கருவியைப் பொறுத்தவரை, 300 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸும் யாரோ பயன்படுத்திய பழைய டிஎஸ்எல்ஆர் கேமராவும் முதல் ஆண்டுக்குப் போதும். பழைய லென்ஸ் வாங்கும்போது உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு கருவிகளின் பாகங்களைத் தாமே இணைத்துக்கொண்ட கேமராவால் கறுப்பு வெள்ளையில் எடுத்த காட்டுயிர்ப் படங்கள் இன்றும் பேசப்படுகின்றன.

அமர்ந்திருக்கும் பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 நொடியும், பறக்கும் நாரைக்கு 1/1600 நொடியும், பஞ்சுருட்டான் போன்ற சிறு பறவை பறக்கையில் 1/2500 நொடிக்கு மேலும் வேண்டும். லென்ஸின் ஒளித்துளையை (அபெர்ச்சர்) 5.6க்கும் 8க்கும் இடையில் வைத்து, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐ.எஸ்.ஓ.வைக் கேமராவின் பொறுப்பில் விட்டுவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. கூடிச் சற்றுப் புள்ளி தட்டிய படத்தைச் சரிசெய்யலாம், அசைந்துபோன படத்தைச் சரிசெய்ய முடியாது. அடுத்த சிக்கல் வெள்ளை நிறம். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகக் கருதியே ஒளியைக் கணக்கிடுகிறது. ஆகவே கரும்பச்சைக் கோரைப்புல்லின் முன் நிற்கும் கொக்கு, சுண்ணாம்பு அடித்த சுவரைப்போல இறகின் வரிகூடத் தெரியாமல் வெளுத்துவிடும். என் முதல் ஆண்டுக் கொக்குகள் எல்லாம் அப்படித்தான் இருந்தன. அங்கே ஒளி ஈட்டுத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஏறக்குறைய ஒரு ஸ்டாப், அதாவது ஒளி பாதியாகும் அளவுக்கு, குறைக்க வேண்டும். வெளுத்த வானத்தின் முன் பறக்கும் நீர்க்காகத்துக்கு மாறாக ஒரு ஸ்டாப்போ அதற்கு மேலோ கூட்ட வேண்டும்.

பழகுவதற்கு ஏற்ற பறவைகள் சில உண்டு. கருப்பு வெள்ளை மீன்கொத்தி நீரில் பாய்வதற்கு முன் அந்தரத்தில் ஓரிடத்திலேயே சிறகடித்து நிற்பதால், குவியத்தை (ஃபோகஸ்) சரிசெய்ய நேரம் கிடைக்கும். பஞ்சுருட்டான் பூச்சியைப் பிடித்ததும் பெரும்பாலும் புறப்பட்ட கம்பிக்கே திரும்பி வந்து அதை அடித்துக் கொல்லும். எனவே அதைத் துரத்தாமல் கம்பியின்மேல் குவியம் வைத்துக் காத்திருங்கள். குருட்டுக் கொக்கு என்றே பெயர் வாங்கிய மடையான், அருகே போகும்வரை அசையாமல் நிற்கும்.

பறவையை நோக்கி நேராக நடக்காமல், வேறெங்கோ போகிறவரைப்போலச் சாய்வாக நடந்து அடிக்கடி நில்லுங்கள். பறவை இரை தேடுவதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினால் அதுவே எல்லை. ஆட்காட்டி தன் பெயருக்கேற்பக் கத்தி உங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டால் அரைமணி நேரம் அசையாமல் உட்காருவதைத் தவிர வழியில்லை. கோடையில் அது தலைக்கு மேலே வட்டமிட்டுக் கத்தினால் காலடியில் பாருங்கள். கூழாங்கற்களோடு கற்களாக அதன் முட்டைகள் கிடக்கக்கூடும், வந்த வழியே திரும்பிவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ தொந்தரவு செய்வதையும் வேட்டை என்றே வரையறுக்கிறது. பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும், படத்துக்காகக் கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பதும் கூடவே கூடாது. சரணாலயங்களில் வனத்துறையின் அனுமதியும் கேமரா கட்டணமும் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் தவறாமல் ஒரே ஏரிக்கு, ஏறக்குறைய ஒரே நிற உடையில் போவது நல்லது. எந்தப் பட்டமரத்தில் மீன்கொத்தி உட்காரும், எந்த மடைவாயில் நாரைகள் கூடும் என்பது சில வாரங்களில் பிடிபட்டுவிடும். ஆடு மேய்ப்பவரிடமும் மீன்பாசிக் குத்தகைக்காரரிடமும் பேச்சுக் கொடுத்தால் அதற்கும் முன்பாகவே தெரிந்துவிடும்.