‘87 சதவீதம்’ எங்கிருந்து வந்தது? சிட்னிக்குப் புதிதாக வந்திருக்கும் பெற்றோருக்கு

பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது இங்கே பெரிய வேலை இல்லை. நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளி என்றால் நீங்கள் குடியிருக்கும் முகவரிதான் எந்தப் பள்ளி என்பதை முடிவு செய்கிறது. வாடகை ஒப்பந்தம், மின்கட்டண ரசீது, பாஸ்போர்ட், விசா, தடுப்பூசிப் பதிவு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு பள்ளி அலுவலகத்துக்குப் போங்கள். தற்காலிக விசாவில் வருபவர்களில் பலர் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். அதை முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இவ்வளவையும் பக்கத்து வீட்டுக்காரரே சொல்லிவிடுவார். எனக்கு யாரும் சொல்லாதது ஆங்கிலக் கட்டுரையைப் பற்றி.

நம் ஊர்க் கட்டுரை உங்களுக்குத் தெரியும். முன்னுரை, உட்தலைப்புகள், முடிவுரை; நடுவில் அடிக்கோடிட்ட ஒரு குறள், பாரதியார் வரி ஒன்று. திருநெல்வேலியில் அப்படி எழுதித்தான் நான் மாவட்ட அளவில் பரிசு வாங்கினேன். அந்தச் சான்றிதழ் இன்னும் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அந்தப் பயிற்சியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் தமிழ் அதில்தான் வளர்ந்தது. ஆனால் இங்கே தொடக்கப் பள்ளியிலேயே வேறொன்றைக் கேட்கிறார்கள். உன் கருத்து என்ன, அதை நான் ஏன் நம்ப வேண்டும்? 3, 5, 7, 9 ஆம் வகுப்புகளில் நாடு முழுவதும் நடக்கும் நாப்லான் தேர்வின் எழுத்துப் பகுதியில் கதை வரும், அல்லது இப்படி வாதிட்டு எழுதும் கட்டுரை வரும்.

நாங்கள் வந்தபோது மகள் ஐந்தாம் வகுப்பு. பயத்தில் வார இறுதி டியூஷனில் சேர்த்தோம். அங்கே ஒரு தாள் கொடுத்தார்கள்: எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் வாக்கியங்கள். ‘புகழ்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வின்படி 87 சதவீத மாணவர்கள்…’ என்று ஒன்று. எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லித் தந்தார்கள். நாப்லானில் ஐந்தாம் வகுப்புக்கு 42 நிமிடம். கையில் இணையம் இல்லை. அந்த ஆய்வு எங்கே என்று அறைக்குள் வந்து கேட்கப்போகிறவரும் இல்லை. பத்து வயதுப் பிள்ளைக்குப் பொய்யை மனப்பாடம் செய்யவைத்து, அதற்கு எங்களிடம் பணமும் வாங்கினார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஏழாம் வகுப்பில் மாட்டினோம். இந்த மாநில அரசு உயர்நிலைப் பள்ளிகளில் 2023 அக்டோபர் முதல் பள்ளி நேரத்தில் செல்போனுக்குத் தடை. அந்தத் தடை தொடர வேண்டுமா என்பதுதான் கட்டுரை. மகள் வழக்கம்போல் 87 சதவீதத்தை எழுதினாள். ஆசிரியர் அந்த எண்ணை வட்டமிட்டு, ‘இது எங்கிருந்து?’ என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அவளிடம் பதில் இல்லை. சான்றுக்கான மதிப்பெண் முழுவதும் போயிற்று. எங்களையும் வரச் சொன்னார்கள். நான் போய், டியூஷனில் இப்படித்தான் கற்றுத் தந்தார்கள் என்று வாதாடினேன். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். இல்லாத ஆய்வை இருப்பதாக எழுதுவதை இங்கே காப்பியடிப்பதற்குச் சமமாகப் பார்க்கிறார்கள். பதினோராம் வகுப்புப் பாடங்களைத் தொடங்கும் முன், சொந்தமாக எழுதுவது, மூலத்தைக் குறிப்பது பற்றி ஒரு தனிப் பயிற்சியையே மாணவர்கள் முடித்தாக வேண்டும். அன்று இரவு மகள் கேட்டாள்: “அப்பா, அது பொய் என்று உங்களுக்குத் தெரியுமா?” எனக்குத் தெரிந்திருந்தது. தேர்வுக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

பிறகு என்ன செய்தோம் என்பதைச் சொல்கிறேன். பள்ளியில் ‘டீல்’ என்று ஒரு பத்தி அமைப்பைச் சொல்லித் தருவார்கள்: கருத்து, விளக்கம், சான்று, கடைசியில் தலைப்போடு இணைப்பு. அது எளிது. சான்று கிடைப்பதுதான் கடினம். ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தை இரண்டாகப் பிரித்தோம். இடப்பக்கம் ‘நான் சொல்வது’, வலப்பக்கம் ‘எனக்கு எப்படித் தெரியும்’. வலப்பக்கம் காலியாக இருந்தால் அந்த வரி கட்டுரைக்குள் போகாது.

அடுத்த கட்டுரைக்குத் தலைப்பை அவளே எடுத்தாள். இங்கே தொடக்கப் பள்ளிகளில் தொப்பி இல்லாவிட்டால் விளையாட்டு இல்லை. நிழலில் உட்கார வேண்டியதுதான். அவளுடைய உயர்நிலைப் பள்ளியில் அந்த விதி இல்லை. அங்கும் வேண்டும் என்பது அவள் கட்சி. முதலில் ‘வெயில் ஆபத்தானது என்பது அனைவரும் அறிந்ததே’ என்று எழுதினாள். வலப்பக்கம் காலி. நான் ஒரு பழமொழி சொன்னேன். பழமொழி எப்படிச் சான்றாகும் என்று மறுத்துவிட்டாள். பிறகு தேடினோம். 70 வயதுக்குள் மூன்றில் இரண்டு ஆஸ்திரேலியர்களுக்கு ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய் கண்டறியப்படும் என்கிறது இந்த நாட்டின் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பான கேன்சர் கவுன்சில். வெயிலில் தோலைச் சுடும் கதிர்களின் அளவைச் சொல்லும் புற ஊதாக் கதிர்க் குறியீடு 3 அல்லது அதற்கு மேல் போனால் தொப்பி வேண்டும் என்பதும் அவர்கள் பரிந்துரைதான். வானிலைத் துறை அந்தக் குறியீட்டை நாள்தோறும் முன்கூட்டி வெளியிடுகிறது.

இவை எல்லோருக்கும் கிடைப்பவை. எனக்குப் பெருமை தந்தது அவளே கொண்டுவந்தது. மூன்று நாள் மதிய இடைவேளையில் நூலகப் படிக்கட்டில் உட்கார்ந்து, மைதானத்தில் தொப்பி போட்டவர்களை எண்ணினாள். டிபன் பாக்ஸோடு வந்த பேப்பர் நாப்கினில் நாலு கோடும் குறுக்கே ஒரு கோடுமாக ஐந்தைந்தாகக் குறித்திருந்தாள். ஓரத்தில் எலுமிச்சை சாதத்தின் மஞ்சள். முதல் நாள் 58 பேரில் 6 பேர்.

எண்ணை வைத்ததோடு விட்டுவிடக் கூடாது என்பதை இங்கேதான் நானும் கற்றேன். அந்த 6 பேர் எதைக் காட்டுகிறார்கள் என்று அடுத்த வரியில் சொல்ல வேண்டும். விதி இருந்த பள்ளியில் எல்லோரும் போட்டார்கள், விதி இல்லாத இடத்தில் பெரும்பாலோர் போடுவதில்லை, ஆகவே அறிவுரை மட்டும் போதவில்லை என்று எழுதினாள். எதிர்த்தரப்பையும் விடவில்லை: குளிர்காலத்தில் குறியீடு இறங்கிவிடுமே என்பார்கள், அப்படியானால் 3க்குக் கீழே இருக்கும் நாள்களில் விதியைத் தளர்த்தலாம்.

நாப்லானுக்கு மட்டும் ஒரு வார்த்தை. அங்கே தேட முடியாது. தான் கண்டது, தன் வகுப்பில் நடந்தது, காரண காரியம், இவற்றைக் கொண்டு எழுதச் சொல்லுங்கள். தெரியாத எண் வேண்டாம்.

இன்னொன்று. இறுதிக் கட்டுரைக்கு முன் வரைவைப் பார்த்துத் தருவீர்களா என்று ஆசிரியரிடம் பிள்ளையையே கேட்கச் சொல்லுங்கள். நாம்தான் ஆசிரியரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று ஒதுங்கி நிற்கிறோம். மகளின் வரைவு திரும்பி வந்தபோது, 58இல் 6 என்ற இடத்தில் மறுபடியும் ஒரு வட்டம். எனக்குத் திக்கென்றது. பக்கத்தில், ‘நல்ல சான்று. மூன்று நாளும் வெயில் நாள்களா? மேகமூட்டத்திலும் இந்தக் கதிர்கள் வருமே?’ என்று எழுதியிருந்தார். அடுத்த வாரம் வானம் மூடியிருந்த இரண்டு நாளும் அவள் படிக்கட்டுக்குப் போய் எண்ணி வந்தாள்.