படச் சுருக்க ஆய்வில் எங்கே கோட்டை விடுகிறோம்?

ஆய்வு மாணவர் ஒருவர் தன் கட்டுரையின் வரைவைப் படித்துப் பார்க்கக் கொடுத்தார். அவர் உருவாக்கிய படச் சுருக்க முறை, சோதித்த எல்லாப் படங்களிலும் ஜேபெக்கை முந்தியிருந்தது. கணக்கில் பிழை இல்லை, நிரலும் ஒழுங்காக ஓடியது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. 'மூலப் படம்' என்று அவர் வைத்திருந்த பிஎன்ஜி (எதையும் இழக்காமல் சேமிக்கும் வகை) கோப்பு ஒன்றைத் திறந்து எட்டு மடங்கு பெரிதாக்கினேன். கறுப்பு எழுத்துகளின் ஓரத்தில் கொசு மொய்த்ததுபோல் புள்ளிகள். வானத்தில் சரியாக 8 பிக்சலுக்கு ஒரு மெல்லிய கோடு. எப்போதோ ஜேபெக்கில் சுருக்கப்பட்ட படம் அது. இணையத்திலிருந்து இறக்கி, பிஎன்ஜியாக மாற்றிச் சேமித்திருக்கிறார்.

இந்தத் துறையில் நான் பார்த்த தவறுகள் பெரும்பாலும் இந்த ரகம்தான். சுருக்கும் வழிமுறை நன்றாகவே இருக்கும், ஒப்பிட்ட விதத்தில் ஓட்டை இருக்கும்.

அந்தப் படம் ஏன் கூடாது என்று பார்ப்போம். 1992-இல் வந்த ஜேபெக் தரநிலை, படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டுகிறது. நசீர் அகமது, நடராஜன், ராவ் மூவரும் 1974-இல் வெளியிட்ட டிசிடி என்ற உருமாற்றத்தால் ஒவ்வொரு கட்டத்தையும் அலைவெண்களாக மாற்றுகிறது. கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாத நுண் அலைவெண்களைப் பூஜ்ஜியமாக்கிவிடுகிறது. அந்தப் படத்தைப் பிஎன்ஜியாகச் சேமித்தாலும் போனது திரும்பாது. மாணவருடைய முறையும் 8×8 கட்டத்தில் இயங்குவது. நீளமாக வரும் பூஜ்ஜியங்களைச் சிக்கனமாக எழுதுவதுதான் அதன் பலம். பூஜ்ஜியம் மலிந்த படத்தைக் கொடுத்தால் ஜெயிக்காமல் என்ன செய்யும்? கேமராவின் ரா கோப்புகளிலிருந்து (சென்சார் பதிந்த மூலத் தரவு) எடுத்த படங்களில் மறுபடி அளந்தபோது முன்னேற்றம் இருந்தது, ஆனால் வெகுவாகக் குறைந்திருந்தது. ரா கோப்பு கிடைக்காவிட்டால், பெரிய புகைப்படத்தை மூன்றில் ஒரு பங்காகச் சிறிதாக்கிப் பயன்படுத்தலாம். பழைய சுருக்கத்தின் தடங்கள் பெரும்பாலும் மறைந்துவிடும்.

சோதனைப் படங்களைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். ஆய்வாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கோடாக் தொகுப்பின் 24 படங்களும் 768×512 அளவுள்ளவை, பிலிமிலிருந்து ஸ்கேன் செய்தவை. பழைய முறைகளோடு ஒப்பிட அவை உதவும், இன்றைய கேமராப் படங்களுக்குச் சாட்சி ஆகாது. 'லேனா' படத்தை இன்னும் சிலர் போடுகிறார்கள். 1972-ஆம் ஆண்டு பத்திரிகைப் படத்தின் ஸ்கேன் அது. அந்தப் படம் உள்ள கட்டுரைகளை ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பின் கணினிச் சங்கம் 2024 ஏப்ரல் முதல் ஏற்பதில்லை. அது போகட்டும், ஒரே படத்தை வைத்து எந்த முறையையும் எடை போட முடியாது.

'20 மடங்கு சுருக்கினோம்' என்ற வாக்கியத்தைக் கண்டால் 'எதிலிருந்து?' என்று கேளுங்கள். வண்ணப் படத்தை ஆர்ஜிபியாகக் கணக்கிட்டால் பிக்சலுக்கு 24 பிட். அதையே 4:2:0 முறையில், நிறத் தகவலைக் கால் பங்காக்கி வைத்தால் 12 பிட். ஆக, சுருக்கிய கோப்பில் ஒரு பைட்கூட மாறாமல் சுருக்க விகிதத்தை இரட்டிப்பாகக் காட்ட முடியும். பிக்சலுக்கு எத்தனை பிட் என்று எழுதுங்கள், தலைப்புத் தகவலையும் சேர்த்து. ஜேபெக்கின் 'தரம் 75'-உம் இப்படித்தான். அது சதவீதம் இல்லை, எந்த அலைவெண்ணில் எவ்வளவு துல்லியத்தை விடுவது என்ற தன் அட்டவணையைப் பெருக்க அந்தந்த மென்பொருள் வைத்துக்கொண்ட எண். இரண்டு மென்பொருள்களின் 75 ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது.

அடுத்தது, வீடியோவின் பிஎஸ்என்ஆரைச் (மூலத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று டெசிபெல்லில் சொல்லும் அளவு, கூடினால் நல்லது) சராசரி எடுக்கும் விதம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டே ஃபிரேம் உள்ள வீடியோ என்று வைத்துக்கொள்வோம். முதல் ஃபிரேம் 50 டெசிபெல், இரண்டாவது 30. சராசரி 40 என்று எழுதத் தோன்றும். ஆனால் டெசிபெல் என்பது மடக்கை அளவு. 50 டெசிபெல்லுக்குப் பிக்சல் பிழையின் வர்க்கச் சராசரி சுமார் 0.65, 30 டெசிபெல்லுக்கு 65. பிழைகளை முதலில் சராசரி எடுத்து (சுமார் 33 வரும்) அதன்பின் டெசிபெல்லாக மாற்றினால் கிடைப்பது கிட்டத்தட்ட 33 டெசிபெல். ஒரே வீடியோ, ஒரே பிழை, விடை மட்டும் 40, 33 என்று இரண்டு. கறுப்புத் திரை போன்ற ஃபிரேம் ஒன்று பிழையே இல்லாமல் வந்தால் அதன் பிஎஸ்என்ஆர் முடிவிலி ஆகிவிடும், முதல் வழியில் சராசரியே குலையும். எந்த வழியில் கணக்கிட்டாலும் சரி, அதைக் கட்டுரையில் சொல்லிவிடுங்கள். ஒப்பிடும் இரண்டு முறைகளுக்கும் ஒரே வழியைப் பின்பற்றுங்கள்.

எதிராளியை வலுவிழக்கச் செய்து மோதுவது அடுத்த தவறு. நரம்பு வலை (செயற்கை நுண்ணறிவு) வீடியோ கோடெக், அதாவது சுருக்கி விரிக்கும் முறை பற்றிய கட்டுரைகள் பலவற்றில் எக்ஸ்264 என்ற வீடியோ சுருக்க மென்பொருளை 'வெரிஃபாஸ்ட்' அமைப்பில் ஓட்டிவிட்டு, அதை முந்தியதாக எழுதியிருப்பார்கள். வேகத்துக்காகத் தரத்தை விட்டுக்கொடுக்கும் அமைப்பு அது. தம் முறையோ ஒரு ஃபிரேமுக்கு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும். இன்னொன்றும் உண்டு. எக்ஸ்264 இயல்பாகவே மனிதக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்படி பிட்டுகளைப் பங்கிடும், அதில் பிஎஸ்என்ஆர் குறையும். பிஎஸ்என்ஆரில் ஒப்பிடப் போகிறீர்களா, அதற்கென்றே 'டியூன் பிஎஸ்என்ஆர்' என்ற அமைப்பு இருக்கிறது, அதைப் போடுங்கள். பயன்படுத்திய கட்டளை வரியை முழுதாகக் கட்டுரையில் கொடுங்கள். அந்த ஒரு வரி இல்லாததால் எத்தனையோ முடிவுகளைச் சரிபார்க்கவே முடியாமல் போகிறது.

ஒரே ஒரு பிட்ரேட்டில் (நொடிக்கு எத்தனை பிட் என்ற அளவு) ஒப்பிடுவதும் ஏமாற்றும். குறைந்த பிட்ரேட்டில் வெல்லும் முறை, அதிகத்தில் தோற்கலாம். 2001-இல் நார்வே நாட்டு ஆய்வாளர் கிஸ்லே பியோன்டகார்ட் முன்வைத்த பிடி-ரேட் கணக்கு இதற்காகத்தான். நான்கு தர நிலைகளில் அளந்து (எச்.264, எச்இவிசி என்ற வீடியோ தரநிலைகளின் சோதனைகளில், எவ்வளவு துல்லியத்தைக் குறைப்பது என்று சொல்லும் குவாண்டைசேஷன் எண்ணை 22, 27, 32, 37 என்று வைப்பது வழக்கம்) வளைகோடு போட்டு, ஒரே தரத்துக்குச் சராசரியாக எத்தனை சதவீதம் பிட் மிச்சம் என்று சொல்கிறது. இரண்டு வளைகோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று வரும் தர எல்லை மிகக் குறுகலாக இருந்தால் அந்தச் சதவீதத்துக்குப் பொருள் இல்லை. வளைகோட்டைப் படமாகவும் போடுங்கள், படிப்பவரே பார்த்துக்கொள்வார்.

கிராபிக்ஸையும் திரைப்பிடிப்புகளையும் புகைப்படம்போல நடத்தாதீர்கள். நீலப் பின்னணியில் மெல்லிய சிவப்பு எழுத்தை 4:2:0-இல் சுருக்கிப் பாருங்கள். ஒளிர்வு அப்படியே இருக்கும், நிறம் மட்டும் ஓரத்தில் கசிந்து எழுத்து மங்கும். ஒளிர்வுக்கு மட்டும் பிஎஸ்என்ஆர் எடுத்தால் இந்தப் பழுது கணக்கிலேயே வராது. தட்டையான நிறமும் கூர்மையான கோடுமாக உள்ள படத்துக்குப் பிஎன்ஜி போன்ற இழப்பற்ற முறை பெரும்பாலும் போதும், பல நேரம் கோப்பும் சிறிதாக இருக்கும்.

நரம்பு வலை முறைகளில் மட்டும் வரும் தவறு ஒன்று. பயிற்சியின்போது கணக்கிட்ட என்ட்ரபி (இத்தனை பிட் தேவைப்படும் என்ற கோட்பாட்டு மதிப்பீடு) மதிப்பையே கோப்பின் அளவு என்று எழுதிவிடுகிறார்கள். நிஜமாகக் கோப்பை எழுதி, அதன் பைட்டுகளை எண்ணி, வேறொரு கணினியில் டிகோட் செய்து (மறுபடி படமாக்கி) பாருங்கள். மிதவைப் புள்ளிக் கணக்கில் இரண்டு ஜிபியுக்கள் (வரைகலைச் செயலிகள்) கடைசி இலக்கத்தில் வேறுபட்டால் போதும், கோப்பைப் படிக்க டிகோடர் நம்பியிருக்கும் நிகழ்தகவு மாறி, அங்கிருந்து மீதிப் படம் முழுவதும் குப்பையாகிவிடும்.

மதிப்பெண்ணை மட்டும் நம்பி, படத்தைக் கண்ணால் பார்க்காமல் விடுவது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு 2013-இல் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெர்மானியக் கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஜெராக்ஸ் நகல் இயந்திரம் ஒன்றில் ஸ்கேன் செய்த கட்டட வரைபடத்தில் எண்கள் மாறியிருப்பதைக் கண்டறிந்தார். 21.11 சதுர மீட்டர் என்றிருந்த அறை 14.13 ஆகியிருந்தது. இயந்திரம் பயன்படுத்திய ஜேபிக்2 சுருக்க முறை, ஒன்றுபோல் தெரியும் சிறு துண்டுகளை ஒரே துண்டாகச் சேமிக்கும். ஒத்த உருவம் என்று தவறாக எடுத்துக்கொண்ட துண்டை அங்கே ஒட்டிவிட்டது. மங்கலோ சிதறலோ கிடையாது. பளிச்சென்று தெளிவாக, தவறான எண்.

இன்றைய ஜெனரேட்டிவ் (தாமே படத்தை உருவாக்கும்) டிகோடர்களும் இல்லாத விவரத்தை அழகாக வரைந்து நிரப்புபவைதான். அப்படியொரு முறையைச் சோதிக்கிறீர்கள் என்றால் படத்தில் உள்ள எண்கள், பெயர்ப்பலகைகள், தூரத்து முகங்கள் இவற்றைப் பெரிதாக்கி, மூலத்தோடு பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாகப் பாருங்கள். மாறிப்போனவற்றைக் கட்டுரையிலேயே படமாகப் போடுங்கள்.