ஆட்டிசம் உள்ள குழந்தையின் குடும்பம் முதல் ஆலோசனைக்குத் தயாராவது எப்படி?

குழந்தைக்கு ஆட்டிசம் இருப்பதை மருத்துவர் உறுதிசெய்த பின், முதல் ஆலோசனைக்கு ஒரு வாரம் முன்பிருந்தே பெற்றோர் ஒரு நோட்டில் அன்றாட நிகழ்வுகளைக் குறித்து வருவது நல்லது. 'அடம் பிடித்தான்' என்று மட்டும் எழுதினால் ஆலோசகருக்குப் பயனில்லை; குக்கர் விசில் அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் புகுந்தான், விளக்கை அணைத்துவிட்டுச் சற்று நேரம் தனியே விட்டதும் தானாக வெளியே வந்தான் என, முன்னும் பின்னும் நடந்ததைச் சேர்த்து எழுத வேண்டும்.

தாயை மட்டும் அனுப்பிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. தந்தையும், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் உடன் செல்ல வேண்டும். 'வளர்ப்பு சரியில்லை' என்ற பழி பல நேரங்களில் வீட்டுக்குள்ளிருந்தே எழுவதால், ஆட்டிசத்துக்கு வளர்ப்பு காரணமன்று என்பதை அவர்கள் ஆலோசகர் வாயாலேயே கேட்க வேண்டும். உடன்பிறந்த பிள்ளை இருந்தால், அப்பிள்ளை தனியே பேசவும் நேரம் கேளுங்கள். முழுமையாகக் குணப்படுத்துவதாக வாக்களிப்பவரிடம் மறுமுறை செல்ல வேண்டாம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இடம்பெற்றுள்ளதால், அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் முறையையும் அன்றே கேட்டறியலாம். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்திலும் மதிப்பீடும் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன.