பச்சை உடம்புக்காரியும் கைக்குழந்தையும்: திருச்சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தாருக்கு ஒரு வழிகாட்டி

கணவன் விட்டுப்போனவளோ மணமாகாமல் தாயானவளோ பிள்ளையைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்க்க வழி கேட்டு வந்தால், வீட்டில் அரிசி இருக்கிறதா, இரவில் துணைக்கு யார் படுக்கிறார்கள் என்பவற்றை முதலில் விசாரியுங்கள். மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்த பணியை அறிந்த திருநெல்வேலிச் சீமையில், இல்லம் சட்டென்று நினைவுக்கு வருவது இயல்பே. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமோ பிள்ளைகளை இல்லத்தில் வைத்து வளர்ப்பதைக் கடைசி வழியாகவே வைக்கிறது.

அவள் நடத்தை குறித்த சபை ஒழுங்கு விசாரணை இருந்தால், அதை அவள் உடம்பு தேறும்வரை தள்ளிவைக்கும்படி சேகர குருவானவரிடம் (வட்டாரச் சபைகளின் போதகரிடம்) கேட்டுக்கொள்ளுங்கள். உதவி பெற்றதற்காக அவளை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைப்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

வீடுகளில் கைப்பிடி கைப்பிடியாகச் சேர்த்துச் சபைக்குத் தரும் அரிசிக் காணிக்கையில் ஒரு பங்கை மாதந்தோறும் அவளுக்கு ஒதுக்கலாம். ஆனால் அரிசியைவிட ஆள்துணையே அவளுக்கு அதிகம் தேவைப்படும். முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றிப் பிழைப்பவளாக இருந்தால், பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே பீடித் தட்டை எடுத்து மடியில் வைத்துவிடுவாள். முறைபோட்டு இருவர் சென்று இலை வெட்டிக் கொடுத்து, அவள் பெயரிலேயே கடைக்குப் பீடி போய்ச் சேர உதவினால் வருமானம் அறாது. புகையிலைத் தூள் பறக்கும் அறையில் தொட்டில் கட்டக்கூடாது. பாலூட்டுமுன் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும்.

கர்ப்பகாலத்திலேயே கிராம சுகாதார செவிலியரிடம் அழைத்துச் சென்று பிக்மி எண் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) பெறுங்கள். 19 வயது நிறைந்த ஏழைத் தாய்க்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக ரூ.18,000 மதிப்புள்ள உதவி கிடைக்கும். வங்கிக் கணக்கு அவள் பெயரிலேயே இருக்கட்டும். குழந்தைகள் நலனுக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவில், தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் ரூ.4,000 பெற மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். அடி உதை இருந்தால் 181 என்ற பெண்கள் உதவி எண்ணை அழையுங்கள்.

தாய்க்கே 18 வயது நிறையவில்லையென்றால் குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தகவல் தருவது கட்டாயம். குடும்ப மானம் கருதி மூடிமறைக்க நமக்கு உரிமையில்லை.

எல்லாம் செய்தும் வளர்க்க இயலாது என்று அவளே தீர்மானித்தால், சபையிலுள்ள பிள்ளையில்லாத தம்பதியர் கையில் குழந்தையைக் கொடுத்துவிடாதீர்கள், அது குற்றம். குழந்தைகள் நலக் குழுவின் முன் ஒப்படைக்கும் பத்திரத்தில் கையெழுத்திட்ட பின்னும் மனம் மாற அவளுக்கு 60 நாள் அவகாசம் உண்டு. அந்த நாட்களிலும் அரிசியும் ஆள்துணையும் நிற்காமல் போய்க்கொண்டிருக்க வேண்டும்.