நட்பு த்ரில்லர் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் மட்டும் மூன்று திரைக்கதைகளைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். மூன்றும் ஒரே வகை. உயிர் நண்பன் என்று நம்பியவன் கொஞ்சம் கொஞ்சமாக நாயகனின் வாழ்க்கையைப் பிடுங்கிக்கொள்கிற சைக்காலஜிக்கல் த்ரில்லர். மூன்றிலும் பத்தாம் பக்கத்துக்குள் அந்த நண்பன் கண்ணாடி முன் நின்று தனியாகச் சிரிக்கிறான். படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. அந்தக் கண்ணாடி சீனை நானும் எழுதியிருக்கிறேன். என்னுடையதில் பின்னால் குழாய் வேறு சொட்டிக்கொண்டிருக்கும்.

இந்த வகைக்கு எப்போதுமே மவுசு குறைவு. பேய்ப் படம் மாதிரியோ தொடர் கொலைப் படம் மாதிரியோ சத்தம் போடாது. கடைசிவரை ஒரு சொட்டு ரத்தம்கூட வராமல் போகலாம். அதனாலேயே வந்த சுவடு தெரியாமல் போன நல்ல படங்கள் இதில் நிறைய. ஆனால் ஒழுங்காக அமைந்துவிட்டால், பார்த்தவர் அன்றிரவு தன் போனில் இருக்கும் பெயர்களை மேலிருந்து கீழே ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்.

லாஜிக் ஓட்டை, சரியான நேரத்தில் சார்ஜ் தீரும் செல்போன், மழையில் நின்றுபோகும் கார் இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். விட்டுவிடுகிறேன்.

நட்பை எழுதாமல் நேராகத் துரோகத்துக்குப் போவது

என் எட்டு மாதத்தைத் தின்ற தவறு இது. இன்றைக்கும் யாராவது இதைச் செய்தால் எரிச்சல் வருகிறது.

என் முதல் திரைக்கதையில் யமுனா, தாரிணி என்று இரண்டு தோழிகள். தாரிணி என்னென்ன கெடுதல் செய்வாள் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். அதில் ஒவ்வொன்றும் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஒரு தயாரிப்பாளரிடம் கதை சொல்லப் போனேன். இடைவேளை வரை பொறுமையாகக் கேட்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி.

"அந்தப் பொண்ணு ஏன் தம்பி இன்னும் அவகூடவே இருக்கு?"

"அவ நம்புறா சார்."

"ஏன் நம்புறா?"

"சின்ன வயசுலேருந்து ஃப்ரெண்ட்ஸ் சார்."

"அது தகவல் தம்பி. காரணத்தைச் சொல்லு."

என்னிடம் காரணம் இல்லை. அவருக்கு உளவியல் புரியவில்லை என்று வழி நெடுகத் திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன். இரண்டு வாரம் கழித்துத் திரைக்கதையைத் திரும்பப் புரட்டியபோதுதான் உறைத்தது. இடைவேளைக்கு முன்னால் ஐம்பத்து நான்கு பக்கம். அதில் இருவரும் சேர்ந்து வயிறு குலுங்கச் சிரிக்கிற சீன் ஒன்றுகூட இல்லை. நட்பு என்று நான் காட்டியது சுவரில் மாட்டிய நான்கு புகைப்படங்களும் ஒரு பாட்டும்தான். அப்படியிருந்தால் யமுனா அப்பாவியாகத் தெரிய மாட்டாள், மக்காகத் தெரிவாள். பார்க்கிறவருக்கு அவள்மேல் பரிதாபம் வராது, "எழுந்து போயேன்" என்று கோபம்தான் வரும்.

சரி, சேர்ந்து சிரிக்கிற சீன் இரண்டை முன்னால் ஒட்டினால் போதும் என்று நினைத்தேன். அது இரண்டாவது முட்டாள்தனம். ஒட்டுப் போட்டது அப்படியே தெரிந்தது. முதலில் இனிப்பு, பிறகு விஷம் என்று பிரித்து வைத்தால், இனிப்பு எப்போது முடியும் என்று பார்க்கிறவர் காத்திருக்க ஆரம்பித்துவிடுகிறார். ஆபத்தான நட்பில் கொடுப்பதும் பறிப்பதும் ஒரே கையால், ஒரே செயலில் நடக்கிறது. இது எனக்குப் பிடிபட ஐந்தாவது வரைவு வரை ஆனது.

ஒரு சீனை எடுத்துக்கொள்வோம். பழைய வரைவில் யமுனா தூங்குகிறாள். போன் அடிக்கிறது. திரையில் மேலாளரின் பெயர். தாரிணி அழைப்பைத் துண்டிக்கிறாள், பட்டியலிலிருந்தும் அழிக்கிறாள். உதட்டோரம் ஒரு சிரிப்பு, குளோசப், பின்னணியில் வயலின். இதை எழுதிவிட்டு எனக்கு நானே கை தட்டிக்கொண்டேன்.

புதிய வரைவில் யமுனாவுக்குக் காய்ச்சல். இரண்டு இரவாகத் தூக்கமில்லை, இப்போதுதான் கண் அசந்திருக்கிறாள். போன் அடித்ததும் தாரிணி அதை வாரி எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய், சத்தம் வராமல் கதவைச் சாத்துகிறாள். காலையில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள்: "உன் மேனேஜர் கூப்பிட்டாருடி. நல்லாக் கேட்டு விட்டேன், உடம்பு முடியாதவள இப்படியா பிழிவீங்கன்னு. உன்ன எழுப்ப மனசே வரல." யமுனாவுக்குக் கண் கலங்குகிறது. தனக்காக ஒருவர் சண்டை போட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பதவி உயர்வு கைநழுவியது நாற்பதாம் பக்கத்தில்தான் தெரியவரும். அதுவரை, எனக்கும் இப்படி ஒரு தோழி இருந்தால் என்ன என்று பார்க்கிறவர் நினைத்திருப்பார். அப்படி நினைத்தவரால் அப்புறம் யமுனாவை மக்கு என்று சொல்ல முடியாது.

1951-இல் ஹிட்ச்காக் எடுத்த 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெயின்' இந்த விஷயத்தில் ஒரு பாடம். ரயிலில் ஒட்டிக்கொண்ட ஒருவன், நாயகனுக்கு விவாகரத்து தர மறுக்கும் மனைவியைக் கொன்றுவிட்டு வந்து நிற்கிறான். பதிலுக்கு நீ என் அப்பாவைக் கொல் என்கிறான். நாயகன் பதறிப்போகிறான். ஆனால் அவன் ஆசைப்பட்ட கதவு திறந்துவிட்டது என்பதும் உண்மை. போலீசுக்கு ஓட முடியாமல் அவனைக் கட்டிப்போடுவது அதுதான். மூலமான பாட்ரிசியா ஹைஸ்மித்தின் 1950 நாவலில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நாயகன் அந்த இரண்டாவது கொலையையும் செய்தே விடுகிறான்.

இதைச் சொன்னதும் பலர், அப்படியானால் நண்பனின் சுயரூபத்தை மறைத்து வைத்து இடைவேளையில் ட்விஸ்டாக உடைக்க வேண்டும் என்று புரிந்துகொள்கிறார்கள். அவசியமே இல்லை. ஷேக்ஸ்பியரின் 'ஒத்தெல்லோ' நாடகத்தில், தளபதி ஒத்தெல்லோவின் கீழ் வேலை பார்க்கும் இயாகோ முதல் காட்சியிலேயே அவர்மேல் உள்ள வெறுப்பைக் கொட்டிவிடுகிறான். நமக்கு எல்லாம் தெரியும். இருந்தும் ஒத்தெல்லோ மடையனாகத் தெரிவதில்லை. காரணம், அந்த நாடகத்தில் ஏறக்குறைய எல்லோருமே இயாகோவை நேர்மையானவன் என்றுதான் அழைக்கிறார்கள். அவனால் வேலை இழந்த காசியோ அவனிடமே யோசனை கேட்டு நன்றி சொல்லிவிட்டுப் போகிறான். ஒத்தெல்லோவின் மனைவி டெஸ்டிமோனாகூடத் தன் கணவனைத் திரும்ப வெல்ல வழி கேட்டு அவனிடம்தான் நிற்கிறாள். ஆக, உங்கள் கதையில் அந்த நண்பனை நம்புகிறவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பலியாகிறவர் ஒருவர்தான் என்றால் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது.

நமக்கு இது புதிதும் இல்லை. வள்ளுவர் தீ நட்பு, கூடா நட்பு என்று 82-ஆம், 83-ஆம் அதிகாரங்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறார். ஆதாயம் இருக்கும்வரை ஒட்டியிருந்து கஷ்டத்தில் கழன்றுகொள்கிறவர்கள் தீ நட்பில் வருகிறார்கள். முகத்தால் சிரித்து அகத்தால் பகைக்கிறவர்கள் கூடா நட்பில். புதிதாக எழுதுகிறவர்களின் வில்லன் பெரும்பாலும் முதல் வகை. கடன் வாங்குவான், காதலியைக் கவருவான், கம்பி நீட்டுவான். அதை வைத்து ஒரு சண்டைப் படம் எடுக்கலாம். த்ரில்லருக்கு வேண்டியவன் இரண்டாம் வகை. கும்பிடும் கைக்குள்ளேயே ஆயுதம் ஒளிந்திருக்கும், அழுத கண்ணீரும் அப்படித்தான் என்கிறது அந்த அதிகாரத்தின் 828-ஆம் குறள். கவனியுங்கள், அந்தக் கை கும்பிடத்தான் செய்கிறது. நீங்கள் அந்தக் கும்பிடை எழுதுவதே இல்லை, கத்தியை மட்டும் எழுதுகிறீர்கள்.

எடுத்த எடுப்பிலேயே பெரிதாகக் கேட்பது

மூன்றாவது சந்திப்பில் "உன் வீட்டுப் பத்திரத்தை என்னிடம் கொடுத்து வை" என்று ஒருவன் கேட்கிறான், நாயகனும் கொடுக்கிறான். சமீபத்தில் படித்ததுதான்.

ஃப்ரீட்மன், ஃப்ரேசர் என்ற இரு உளவியலாளர்கள் கலிஃபோர்னியாவில் செய்த சோதனை ஒன்று 1966-இல் வெளியானது. வீட்டு முன்புறத்தில் 'கவனமாக ஓட்டுங்கள்' என்ற பெரிய, அவலட்சணமான பலகையை நடட்டுமா என்று நேரடியாகக் கேட்டபோது நூற்றுக்குப் பதினேழு பேர்தான் சம்மதித்தார்கள். வேறு சில வீடுகளில் இரண்டு வாரம் முன்பாகவே போய், கையகலம்கூட இல்லாத ஓர் அட்டையை வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்த வீடுகளில் அதே பலகைக்கு 76 சதவீதம் பேர் சரி என்றார்கள். பத்திரம் வேண்டுமென்றால் முதலில் ஒரு பேனாவைக் கேட்க வையுங்கள். கேட்டது சின்னதாக இருந்தால் போதாது, மறுத்தால் அற்பமாகத் தெரிவோமோ என்ற கூச்சமும் அதில் இருக்க வேண்டும்.

தினமும் கொடுமை

நாள் தவறாமல் அவமானப்படுத்துகிறவனை யாரும் எளிதாக விட்டுப் போய்விடுவார்கள். எப்போது திட்டுவான், எப்போது கொஞ்சுவான் என்று தெரியாதவனைத்தான் விட முடியாது. உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துக் காட்டியது இதுதான். ஒவ்வொரு கொத்துக்கும் தீனி கிடைத்துப் பழகிய புறா, தீனி நின்றதும் சீக்கிரமே கொத்துவதை நிறுத்திவிடுகிறது. எப்போது விழும் என்று தெரியாமல் தீனி வாங்கிப் பழகியது, தட்டு காலியான பிறகும் நெடுநேரம் கொத்திக்கொண்டே இருக்கிறது. உங்கள் நாயகன் எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை தீனி வாங்குகிறான் என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். ஒரே இடைவெளியில் வந்தால் கலைத்துப் போடுங்கள்.

கேஸ்லைட்டிங் என்றால் விளக்கை அணைப்பது

ஒருவரைத் தன் நினைவையே சந்தேகிக்க வைப்பதுதான் கேஸ்லைட்டிங். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு, விளக்கை மங்க வைத்துப் பைத்தியமாக்குவது என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு மூலமான பாட்ரிக் ஹாமில்டனின் 1938 நாடகம் 'கேஸ் லைட்'டில் கணவன் செய்வது வேறு. பொருட்களை ஒளித்து வைத்துவிட்டு, நீதான் மறந்துவிட்டாய் என்று மனைவியையே நம்ப வைக்கிறான். விளக்கு மங்குவது அவன் திட்டத்திலேயே இல்லை. மேல்மாடியில் ரகசியமாக நகைகளைத் தேட அவன் விளக்கு ஏற்றும்போது கீழே வாயு குறைந்து சுடர் தணிகிறது. அது அவனுடைய சறுக்கல். அவளுக்குத் துப்பாவதும், கடைசியில் அவளைக் காப்பாற்ற உதவுவதும் அந்தச் சறுக்கல்தான். உங்கள் வில்லனுக்கும் இப்படித் தானறியாமல் விடுகிற ஒரு தடயம் இருக்கட்டும்.

சிறுவயது பிளாஷ்பேக்

வேண்டாம்.

கடைசியில் இருவரும் ஒரே ஆள்

எடுத்துவிட்டார்கள். பலமுறை.

வேறு மனிதர்களே இல்லாத உலகம்

தொடக்கத்திலேயே நாயகியை அநாதையாக, நண்பர்கள் இல்லாதவளாக எழுதிவிடுவது ஒரு சோம்பேறித்தனம். நடிகர் செலவு மிச்சம், உண்மைதான். ஆனால் பார்க்கிறவருக்கு வலிப்பது ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைவது. அக்கா, அலுவலகத் தோழி, பழைய காதலன் என்று நான்கு பேரையாவது நிறுத்துங்கள். அப்புறம் ஒவ்வொருவரையும் அனுப்புகிற முடிவை நாயகியின் வாயிலிருந்தே வரவழையுங்கள். தாரிணி "உங்க அக்கா சரியில்ல" என்று சொல்லக் கூடாது. "உங்க அக்கா பாவம்டி, உன்னப் பத்தி எப்பவும் கவலைதான்" என்று சொல்ல வேண்டும். என்ன கவலை என்று யமுனா நச்சரித்துக் கேட்பாள். தாரிணி சொல்ல மாட்டாள். மூன்றாவது தடவை அரைகுறையாகச் சொல்வாள். அன்றைக்கே அக்காவின் போனை யமுனா எடுக்காமல் விடுவாள்.

பாதிக்கப்பட்டவரைச் சொக்கத் தங்கமாக்குவது

யமுனாவுக்கு ஒரு குறையும் வைக்காமல் எழுதியிருந்தேன். படித்த நண்பர், "இவளை ஏமாற்றுவதில் தாரிணிக்கு என்ன சிரமம்?" என்றார். இப்போது யமுனாவுக்கு ஒரு சின்னப் பெருமை இருக்கிறது. தாரிணி போன்ற ஒருத்தி, இத்தனை பேரில் தன்னைத் தேர்ந்தெடுத்தாளே என்கிற பெருமை. தாரிணி மற்றவர்களைக் கிண்டல் செய்யும்போது யமுனாவும் ரசித்துச் சிரிக்கிறாள். தன் முறை வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கிளைமாக்ஸில் கத்தி

நட்பைப் பற்றித் தொண்ணூறு நிமிடம் பேசிவிட்டுக் கடைசிப் பத்து நிமிடம் சமையலறைக் கத்தியோடு துரத்தினால், பேசியதெல்லாம் வீண். கொலை வரலாம், நான் மறுக்கவில்லை. கொலைக்குப் பிறகு யார் யாரைத் தேடுகிறார்கள் என்பதையும் எழுதுங்கள் என்கிறேன்.

என் கடைசி வரைவில் தாரிணி போய் நான்கு மாதம் ஆகிறது. யமுனா புதிய வேலையில் இருக்கிறாள். மதிய இடைவேளையில் பக்கத்து மேசைக்காரர் தூங்கித் தூங்கி விழுந்து, கடைசியில் கீபோர்டில் நெற்றியை முட்டிக்கொள்கிறார். யமுனாவுக்கு அடக்க முடியாத சிரிப்பு. சிரித்துக்கொண்டே போனை எடுத்து எண்களை அழுத்துகிறாள். அந்தப் பெயரை எப்போதோ அழித்துவிட்டாள், எண் விரலுக்கு மனப்பாடம். ஒன்பது எண் அழுத்தியாயிற்று. பத்தாவதுக்கு விரல் போகிறது.

அதோடு திரை இருள்கிறது. அழுத்தினாளா இல்லையா என்று அந்தத் தயாரிப்பாளர் இரண்டு முறை கேட்டார். நான் சொல்லவில்லை.