படகு கட்டியாச்சு, இனி ஒயரிங்தானே என்று நினைப்பவர்களுக்கு

ப்ளைவுட்டை வெட்டி, கம்பியால் தைத்து, எபாக்ஸியும் (ஹார்டனர் கலந்தால் இறுகும் ரெசின்) ஃபைபர் துணியும் போட்டு, 14 அடியோ 16 அடியோ ஒரு படகை வீட்டு ஷெட்டிலேயே கட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பு கட்டும்வரை அவர்களைப் போலக் கவனமானவர்களைப் பார்க்க முடியாது, வரைபடத்தை மடியிலேயே வைத்திருப்பார்கள், ஒரு மில்லிமீட்டருக்குச் சண்டை போடுவார்கள். கவிழ்த்துக் கட்டிய படகை நிமிர்த்தி வைத்த அன்றைக்கு எங்கிருந்தோ ஒரு அவசரம் வந்துவிடும். இனி என்ன, பெயிண்ட், நாலு ஒயர், ஒரு பேட்டரி, மோட்டாரை மாட்டினால் இறக்கிவிடலாம் என்று. சில வருஷத்தில் படகைக் கெடுக்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்தக் கடைசிக் கட்டத்தில் நடப்பவை.

முதல் தவறு வரிசையிலேயே இருக்கிறது. பெயிண்டை அடித்து முடித்துவிட்டு அப்புறம் ஒயரிங்கை யோசிப்பது. ஒயரைப் பிடிக்க கிளிப் வேண்டும், கிளிப்புக்கு ஸ்க்ரூ வேண்டும், பம்ப்புக்கு, விளக்குக்கு, சுவிட்ச் பலகைக்கு, பேட்டரிப் பெட்டிக்கு என்று எல்லாவற்றுக்கும் துளை போட வேண்டும். ஒவ்வொரு துளையும் நீங்கள் பாடுபட்டுப் பூசிய எபாக்ஸியைத் தாண்டி நேராக மரத்துக்குள் போகிறது. ப்ளைவுட் முகத்தைவிட வெட்டுமுகத்தில்தான் தண்ணீரை அதிகம் குடிக்கும், துளையின் உள்சுவர் முழுக்க வெட்டுமுகம்தான். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருக்கும், உள்ளே ஸ்க்ரூவைச் சுற்றி மரம் கறுத்துப்போயிருக்கும். ஐ.எஸ். 710 முத்திரை போட்ட மரைன் ப்ளைவுட்தானே என்று சொல்லாதீர்கள். பி.எஸ். 1088 என்ற பிரிட்டிஷ் தர முத்திரையுள்ள ஒகூமே என்ற ஆப்பிரிக்க மரப் பலகையைப் படகு கட்டுகிறவர்கள் விரும்பி வாங்குவது லேசாகவும் நேராகவும் இருப்பதால்தான், ஈரம் உள்ளே நின்றால் அந்த மரமும் சீக்கிரம் மக்கும்.

அதனால் பெயிண்டுக்கு முன்பே எல்லாச் சாமானையும் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். ஒயர் போகிற பாதை, பம்ப் உட்காரும் இடம், சுவிட்ச்சுக்குக் கை எட்டுகிறதா, எல்லாம். சரி என்று பட்டதும் கழற்றிவிட்டு, 4 மி.மீ. ஸ்க்ரூ போகிற இடத்தில் 8 மி.மீ. துளை போட்டு, அதை ஃபில்லர் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியால் நிரப்பி, இறுகிய பிறகு நடுவில் திரும்பத் துளையிடுங்கள். இப்போது ஸ்க்ரூ எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தைத் தொடாது. இன்னும் நல்ல வழி, சின்னச் சின்ன மரத்துண்டுகளை உள்பக்கம் எபாக்ஸியால் ஒட்டி, கிளிப்புகளை அந்தத் துண்டுகளில் மட்டும் அடிப்பது. படகின் உடம்பில் துளையே விழாது. இதற்கு ஒரு சாயங்காலம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

அடுத்து ஒயர். வீடு கட்டியபோது மிஞ்சிய சுருள் பரணில் கிடக்கும், அதை எடுத்துப் போட்டுவிடுவார்கள். ஒற்றைக் கம்பி ஒயராக இருந்தால் மோட்டார் அதிர்விலும் அலை அடியிலும் வளைந்து வளைந்து ஒருநாள் உள்ளேயே முறிந்துவிடும், வெளியே இன்சுலேஷன் நன்றாக இருப்பதால் எங்கே முறிந்தது என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போகும். பல இழை ஒயர் வேண்டும், அதிலும் ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசியதாக இருந்தால் நல்லது. வெறும் செம்பு இழையில் உப்புத் தண்ணீர் நுனியில் பட்டாலே போதும், இழைகளுக்கு நடுவே உறிஞ்சப்பட்டு இன்சுலேஷனுக்கு உள்ளேயே ஏறும், அது ஏறிய தூரம்வரை களிம்பு பிடிக்கும். நுனியை வெட்டி விட்டுப் புதிதாக இணைக்கலாம் என்று உரித்தால், உரிக்க உரிக்க கறுப்பும் பச்சையுமாகத்தான் வரும். வெள்ளீயம் பூசிய மரைன் ஒயர் விலை கூடத்தான், ஆனால் இவ்வளவு சின்னப் படகுக்கு எத்தனை மீட்டர் ஆகிவிடப் போகிறது.

ஒயரின் தடிமன் விஷயத்தில் வீட்டு ஒயரிங் தெரிந்தவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் கை பழகியது 230 வோல்ட்டுக்கு. ஒரு கணக்கு போடுவோம். 5 ஆம்பியர் இழுக்கிற பம்ப், பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி. கரண்ட் போய்த் திரும்பியும் வர வேண்டும், ஆக செம்பின் நீளம் 10 மீட்டர். இந்தத் திரும்பும் தூரத்தை மறப்பதே பாதிப் பேர் செய்கிற தவறு. 1.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் வழியில் ஏறக்குறைய 0.6 வோல்ட் காணாமல் போகும். 230 வோல்ட்டில் அதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள், 12 வோல்ட்டில் அது 5 சதவீதம். 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.35 வோல்ட், 3 சதவீதத்துக்குள் வந்துவிடும். அமெரிக்காவில் படகுகளுக்குத் தரம் வகுக்கும் ஏ.பி.ஒய்.சி., வழிகாட்டி விளக்கு, பம்ப் மாதிரி முக்கியமானவற்றுக்கு 3 சதவீதம், மற்றவற்றுக்கு 10 சதவீதம்வரை இறங்கலாம் என்று வைத்திருக்கிறது. சட்டப்படி அது நம்மைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அதைவிட நல்ல அளவுகோல் தேடி அலைய வேண்டியதும் இல்லை.

12 வோல்ட் ஷாக் அடிக்காது. அதனாலேயே அதை யாரும் மதிப்பதில்லை. பாசிட்டிவ் ஒயர் எங்கோ உரசி நெகட்டிவைத் தொட்டால், கார் பேட்டரி அளவுள்ள ஒரு பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரு கணத்தில் தள்ளும், ஒயர் சிவந்து இன்சுலேஷன் எரியும், பக்கத்தில் இருப்பதோ எபாக்ஸியும் ப்ளைவுட்டும் பெட்ரோலும். ஆகவே ஃபியூஸ். அது காப்பாற்றுவது ஒயரை. கருவியைக் காப்பாற்றத்தான் அது என்று நினைத்து ஃபியூஸைக் கருவிக்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். அப்படி வைத்தால் பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் நடுவே உள்ள ஒயர் முழுக்கக் காவல் இல்லாமல் கிடக்கும். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது பொது விதி. மோட்டாரை ஸ்டார்ட் செய்யும் தடித்த கேபிளுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று பெரிதாக ஒன்றைப் போடுகிறவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பேட்டரியையும் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள், கையால் பிடித்து ஆட்டினால் அசையக்கூடாது.

இணைப்புகளுக்கு வருவோம். முறுக்கி கருப்பு டேப் சுற்றுவது படகில் வேலைக்கு ஆகாது, வெயிலில் டேப்பின் பசை உருகி வழியும், அப்புறம் அவிழும். சால்டரிங் செய்தால் உறுதி என்று நம்புகிறவர்களும் உண்டு, அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடத்தை விறைப்பாக்கிவிடும், அதிர்வில் ஒயர் சரியாக அந்த விறைப்பு முடிகிற இடத்தில் முறியும். ஒயர் நுனியில் லக் என்ற உலோக முனையைப் போட்டு, அதை நசுக்கி இறுக்குவதுதான், அதாவது கிரிம்ப் செய்வதுதான் முறை. கிரிம்ப்பையும் கட்டிங் பிளேயரால் நசுக்கக்கூடாது, முழு அழுத்தம் விழும்வரை வாய் திறக்காத ராட்செட் கிரிம்பர் வாங்குங்கள், செய்த ஒவ்வொன்றையும் இழுத்துப் பாருங்கள். ஃபோர்க் லக்கைவிட வளைய லக் மேல், ஸ்க்ரூ தளர்ந்தாலும் கழன்று விழாது. அதன் மேல், உள்பக்கம் பசை பூசிய, சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள், சூடு காட்டினால் ஓரத்தில் பசை பிதுங்கி வர வேண்டும். ஒயரை ஒவ்வொரு 45 செ.மீ.க்கும் ஒரு கிளிப்பால் பிடியுங்கள். பலகையைத் துளைத்துப் போகிற இடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். சுவிட்ச் பெட்டிக்குள் நுழையுமுன் ஒயர் ஒரு தொங்கலாகக் கீழே இறங்கி மேலே ஏறட்டும், வழிந்து வரும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும்.

மிதப்புக்காக இருக்கைக்கு அடியில் தெர்மோகோல் அடைக்கிறவர்கள் ஒயரையும் அதற்குள்ளேயே விட்டுவிடுகிறார்கள். பி.வி.சி. இன்சுலேஷனை வளைய வைக்கிற பொருளைத் தெர்மோகோல் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சிவிடும், ஒயர் விறைத்து வெடிக்கும். தெர்மோகோல் பெட்ரோல் பட்டால் கரைந்தும் போகும். ஒரு கண்ட்யூட் பைப்பைப் போட்டு அதற்குள் ஒயரை விடுங்கள், பின்னால் இன்னொரு ஒயர் இழுக்கவும் அது உதவும்.

படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப்பை மெயின் சுவிட்ச்சுக்கு அப்பால் இணைப்பதும் சகஜமாக நடக்கிறது. மெயினை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவீர்கள், ராத்திரி மழை பெய்யும், தண்ணீர் ஏறினால் பம்ப்பை ஓடவிடும் ஃப்ளோட் சுவிட்ச் மேலே எழும்பும், கரண்ட் இருக்காது. பம்ப்புக்கும் ஃப்ளோட்டுக்கும் பேட்டரியிலிருந்து நேராக, தனி ஃபியூஸோடு ஒரு பாதை வேண்டும். பம்ப் ஒயரின் இணைப்புகளைத் தண்ணீர் தேங்கும் அடிப்பகுதியில் வைக்காமல் முடிந்த மட்டும் மேலே தூக்கி வையுங்கள். டப்பாவில் மணிக்கு இத்தனை கேலன் என்று போட்டிருப்பது தண்ணீரை மேலே தூக்க வேண்டியதே இல்லாத நிலையில் எடுத்த கணக்கு, உங்கள் படகில் அவ்வளவு வராது. மடிப்பு மடிப்பான ஹோஸ் போட்டால் இன்னும் குறையும். வெளியேறும் துளை, ஆட்களும் சாமானும் ஏறி படகு அமிழ்ந்த நிலையிலும் நீர்மட்டத்துக்கு மேலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் நின்றதும் அதே ஹோஸ் வழியாகத் தண்ணீர் உள்ளே வரும்.

மோட்டார் பக்கம் இரண்டு விஷயம். படகின் பின்பலகையில் மாட்டும் சின்ன அவுட்போர்டு மோட்டார்கள் பலவற்றில் விளக்குக்கென்று ஒரு காயில் இருக்கும், அதிலிருந்து வருவது ஏ.சி., அதை அப்படியே பேட்டரியில் கொடுக்கக்கூடாது, நடுவில் அதை டி.சி. ஆக்கி வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெக்டிஃபையர் ரெகுலேட்டர் வேண்டும். இன்னொன்று பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனம், மேலே பறந்து போகாமல் படகின் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும், சாதாரண சுவிட்ச்சின் ஒரு பொறி போதும். பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் ஒரே மூடிய அறையில் வைக்காதீர்கள், தூக்கக்கூடிய டேங்காக இருந்தால் கரையில் இறக்கி வைத்துத்தான் நிரப்ப வேண்டும்.

விளக்குகள்: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது கோணம். சர்வதேச விதிப்படி ஒவ்வொரு பக்க விளக்கும் நேர் முன்னாலிருந்து 112.5 பாகைதான் தெரிய வேண்டும். அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வளைந்து சரியும் ஓரப்பலகையில் விளக்கை அப்படியே பதித்தால் அது பக்கவாட்டில் திரும்பிக்கொள்ளும், முன்னாலிருந்து வருகிறவனுக்கு உங்கள் படகு எந்தப் பக்கம் போகிறது என்றே புரியாது. அடியில் ஒரு ஆப்புக்கட்டை வைத்து நேராக்குங்கள். 12 மீட்டருக்குக் குறைந்த படகு இந்தப் பக்க விளக்குகளோடு, சுற்றிலும் தெரியும் ஒற்றை வெள்ளை விளக்கையும் வைத்துப் போகலாம், அந்த வெள்ளை விளக்கு பக்க விளக்குகளைவிடக் குறைந்தது 1 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். மலிவான எல்.இ.டி. விளக்குகள் சில, படகிலிருந்து பேச உதவும் வி.எச்.எஃப். ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும், விளக்கைப் போட்டு அணைத்துக் கேட்டுப் பாருங்கள். காந்தத் திசைகாட்டி வைத்திருந்தால் அதன் பக்கத்தில் போகும் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று முறுக்கி விடுங்கள்.

இனி பூச்சு. நம் கடற்கரையில் ஃபைபர் வேலை தெரிந்தவர்கள் பெரும்பாலும் பாலியஸ்டர் ரெசினில் பழகியவர்கள், அதில் சீக்கிரம் இறுக வேண்டுமென்றால் கேட்டலிஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டுவார்கள். அந்தக் கைப்பழக்கத்தில் எபாக்ஸிக்கும் ஹார்டனரைக் கூட்டினால் அது முழுசாக இறுகாமல் பிசுபிசுப்பாகவே நிற்கும், சுரண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஹார்டனரின் விகிதத்தில் கை வைக்கவே கூடாது, வேகம் வேண்டுமென்றால் வேறு ஹார்டனர் வாங்க வேண்டும். சித்திரை வெயிலில் ஒரு குவளை நிறையக் கலந்து வைத்தால் அது குவளைக்குள்ளேயே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும், கொஞ்சமாகக் கலந்து அகலமான தட்டில் ஊற்றுங்கள்.

இறுகிய எபாக்ஸியின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், காற்றில் ஈரம் அதிகமுள்ள ஊரில் கூடுதலாகவே வரும். இதைக் கவனிக்காமல் உப்புத்தாள் போட்டால் படலம் கீறலுக்குள் அமுங்கிவிடும், மேலே அடிக்கிற பெயிண்ட் பின்னால் தோல் தோலாக உரியும். தின்னரால் துடைத்தாலும் அது பரவத்தான் செய்யும். வெறும் தண்ணீரில் கரையக்கூடியது அது, பச்சை நார் போட்டுத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகுதான் உப்புத்தாள்.

எபாக்ஸியைப் பளபளப்பாக அப்படியே விட்டுவிட ஆசை வரும், மரத்தின் ரேகை அழகாகத் தெரியும். வெயில் அதை மங்கலாக்கி, பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். பெயிண்ட் வேண்டும், அல்லது புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வார்னிஷ். எபாக்ஸியின் மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் (ஃபைபர் படகுகளின் பளபள வெளிப்பூச்சு) சரியாக இறுகாது. சாதாரண எனாமலும் புது எபாக்ஸி மேல் நாள்கணக்கில் காயாமல் நிற்கலாம், நடுவில் பொருத்தமான பிரைமர் போடுங்கள். இரண்டு டப்பா கலக்கும் பாலியூரிதேன் பெயிண்ட்தான் கடினமானது, ஆனால் அதில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது, வீட்டில் வைத்து ஸ்ப்ரே செய்யாதீர்கள், அதற்கு வெளிக்காற்றைக் குழாய் வழியே தருகிற முகமூடி வேண்டும். ரோலரால் பூசி உடனே நல்ல பிரஷ்ஷின் நுனியால் வருடிவிட்டாலே கண்ணாடி மாதிரி வரும். கருநீலம், கருப்பு எல்லாம் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சாதாரண வெப்பத்தில் இறுகும் எபாக்ஸிகள் பல 50, 60 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும், நம் ஊர் வெயிலில் கருந்தளம் அந்தச் சூட்டைத் தாண்டும். வெள்ளை அடியுங்கள்.

சிலிக்கோன் சீலன்ட்டைப் பெயிண்டுக்கு முன் படகுப் பக்கமே கொண்டுவராதீர்கள், அது பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் குழி குழியாக விலகும். மோட்டார் போல்ட் போகும் பின்பலகைத் துளைகளுக்கும் மேலே சொன்ன அதே எபாக்ஸி வைத்தியம், அப்புறம் மரைன் சீலன்ட். பித்தளை ஸ்க்ரூ உப்புத் தண்ணீரில் துத்தநாகத்தை இழந்து பொடிந்துவிடும், ஸ்டெயின்லெஸ் என்றால் 316 ரகம் கேட்டு வாங்குங்கள்.

இறக்குவதற்கு முன் கரையிலேயே எல்லாச் சுவிட்ச்சையும் போட்டுவிட்டு, பம்ப் ஓடும்போதே அதன் ஒயரில் மல்டிமீட்டரை வையுங்கள், பேட்டரியில் காட்டுவதற்கும் அங்கே காட்டுவதற்கும் 0.4 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எங்கோ ஒரு கிரிம்ப் சரியில்லை அல்லது ஒயர் மெல்லிசு. ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள், சூடாக இருப்பதை வெட்டித் திரும்பப் போடுங்கள். ஒயரிங் படத்தை ஒரு தாளில் வரைந்து, லேமினேட் செய்து, சுவிட்ச் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள்.